ஆறு இதழ் மூன்கேக்

என் தம்பி பெண்டாட்டி பூய்கிங்கைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல் என்று யாராவது என் கழுத்தில் கத்தியை வைத்தால், அவளுக்குப் பல்வரிசை அழகு என்று சொல்வேன். அதற்கு மேல் யோசித்தாலும் எனக்கு ஒன்றும் வராது. பாதி ஆயுசுக்கு மேல் அவள் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருக்கிறேன். கல்யாணம் ஆகாதவளுக்குத் தம்பி வீடுதான் கதி என்று இங்கேயே தங்கிவிட்டேன். அதனால்தான் பல விஷயங்களில் வாயைத் திறப்பதில்லை.

யூன்லாங் கடைத்தெருவில் எங்கள் பேக்கரி. கீழே கடை, மேலே வீடு. தம்பி காம்தோ ஒரு ஊமைக் கோட்டான். பெண்டாட்டி இருமினால்தான் அவன் மூச்சே விடுவான். அவர்களுக்கு ஒரே பிள்ளை, சுன்ஹேய். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. அப்பனைப் போலவே முதுகெலும்பு கிடையாது, பார்க்க அழகாக வேறு இருந்து தொலைத்தான். அவனைக் கட்டிக்கொண்டு வந்தவள் ஹோய்லாம்.

அவள் வந்த வருஷம் நிலாப் பண்டிகைக்குப் போட்ட எங்கள் மூன்கேக் பாதிக்கு மேல் விற்காமல் கிடந்தது. தாமரை விதை விழுது, உள்ளே உப்பில் ஊறிய வாத்து முட்டைக் கரு. எல்லாக் கடையிலும் இருக்கிற அதே கேக். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்தாலே முகத்தைச் சுளிக்கும். ஹோய்லாம் மெதுவாக ஆரம்பித்தாள். அரிசி மாவில் தோல் செய்து, அடுப்பில் வைக்காமல் ஃபிரிட்ஜில் குளிரவைக்கிற வெள்ளைக் கேக். அதற்குள் டுரியான் பழம். பிறகு, கடித்தால் சூடாக வழிகிற முட்டைக் கஸ்டர்ட். பிறகு சீஸ் வைத்தாள், சர்க்கரை நோயாளிக்குக் கறுப்பு எள் வைத்தாள்.

"சீஸா? மூன்கேக்குல சீஸா? அதுக்குப் பதிலா துவைக்காத சாக்ஸை வெச்சுடேன்" என்றாள் பூய்கிங்.

சீஸ் கேக்குக்கு வாசலில் வரிசை நின்றது. பூய்கிங் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, "எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான்" என்று வருகிறவர்களிடம் சொன்னாள். ஹோய்லாம் உள்ளே மாவு பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ, "விடுங்க அத்தை, அம்மா சொன்னா என்ன, நான் சொன்னா என்ன?" என்றாள். மாமியாரை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். அந்த வார்த்தைக்கு என்றாவது ஒரு நாள் பதில் வரும் என்று நம்பிய பைத்தியக்காரி.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த வீட்டு மனுஷி என்று பூய்கிங் அவளை எண்ண வேண்டும்.

எண்ணுவது என்று சும்மா சொல்லவில்லை. எட்டாம் மாசப் பௌர்ணமியன்று குடும்பத்துக்கென்று பெரியதாக ஒரு மூன்கேக் செய்து, எத்தனை பேரோ அத்தனை துண்டு போட வேண்டும். ஊரில் இல்லாதவர்களுக்கும் துண்டு உண்டு. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் உண்டு. ஒரு துண்டு கூடினாலும் குறைந்தாலும் குடும்பத்துக்கு ஆகாது. மற்ற வீடுகளில் இதையெல்லாம் இப்போது யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. பூய்கிங் பார்ப்பாள். ஹோய்லாமுக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போனது. இரண்டு தடவையும் அவள் அவசரப்பட்டு முன்னாலேயே சொல்லிவிட்டாள். இரண்டாவது தடவை பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் கலைந்தது. பூய்கிங் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லார் எதிரிலும் கேட்டாள்:

"இப்போ எத்தனை துண்டு போடறது? ஓட்டைப் பானையை நம்பி உலை வெச்ச கதையா ஆயிடுச்சே!"

சுன்ஹேய் அப்போது டிவி பார்த்துக்கொண்டிருந்தான். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டான். அந்தப் பயலை அன்றைக்கே நான் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் ஒன்றுமில்லை. ஐந்தாவது வருஷம் பண்டிகைக்கு முந்தின வாரம், ஹோய்லாம் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அத்தை, நிக்குது."

"என்னடி நிக்குது?"

"டாக்டர் நெஞ்சுத் துடிப்பைக் கேக்க வெச்சாரு. குதிரை ஓடற மாதிரி டக்கு டக்குன்னு." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "சுன்ஹேய்கிட்டகூட இன்னும் சொல்லலை. நீங்களும் மூச்சு விடாதீங்க."

நான் கருணைத் தெய்வம் குவான்யின் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினேன். எனக்கும் அழுகை வந்தது. எனக்கு அழுகை லேசில் வராது.

இரண்டு நாள் கழித்துப் பூய்கிங் ஒரு பொட்டலத்தோடு பேக்கரிக்குள் வந்தாள். பிரித்தால் புது மர அச்சு. தாம்பாளம் அளவு பெரியது. பூ மாதிரி இதழ் இதழாகச் செதுக்கி, இதழுக்கு நடுவே வெட்டுவதற்கு வாகாகக் கோடு போட்டிருந்தது.

"இந்த வருஷம் வீட்டுக் கேக்கை இதுல பண்ணு. ஒவ்வொரு இதழ்லயும் ஒவ்வொரு பூரணம் வை. நீதான் புதுசு புதுசாப் பண்றவளாச்சே. அவங்கவங்களுக்குப் பிடிச்சதாப் பண்ணு."

ஹோய்லாம் இதழ்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். தம்பி, பூய்கிங், நான், சுன்ஹேய், அவள். இன்னொன்று மிஞ்சியது.

"ஆறு இருக்கேம்மா?"

"ஆமா, ஆறு." பூய்கிங் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பல்வரிசை முழுசும் தெரிந்தது. "வயித்துல இருக்கறதையும் எண்ணித்தானே நம்ம வீட்டுல வெட்டுவோம்? குழந்தைக்குன்னு நல்லா மெத்துனு, பாலா ஏதாவது பண்ணு."

சொல்லிவிட்டு மாடியேறிப் போய்விட்டாள். ஹோய்லாம் கையெல்லாம் மாவோடு என்னிடம் ஓடி வந்தாள்.

"அத்தை! அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"நான் ஏன் சொல்றேன்? என் நாக்கு அழுகிடும்."

"அப்போ எப்படித் தெரிஞ்சுது?"

"மோப்பம் பிடிச்சிருப்பா. அவ மூக்கு அப்படிப்பட்ட மூக்கு. காலையில நீ வாந்தி எடுத்த சத்தம் கேட்டிருக்கும்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். பூய்கிங்குக்கு மனசு இளகிவிட்டது, பேரப்பிள்ளை என்றதும் கல்லும் கரையும் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் அவளோடு ஒரே கூரையில் இருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள்.

"பண்டிகையன்னிக்கு எல்லாருக்கும் குடுத்துட்டு, கடைசியா அந்த ஆறாவது துண்டை எடுத்து என் தட்டுல நானே வெச்சுக்கறேன் அத்தை. சுன்ஹேய் புரியாம முழிப்பார். அப்போ சொல்றேன்" என்றாள் ஹோய்லாம்.

அந்தக் கேக்குக்காக அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். தம்பிக்குச் சர்க்கரை போடாத எள். பூய்கிங்குக்குப் பழைய முறையில் தாமரை விழுது, இரண்டு முட்டைக் கரு. என் பல்செட்டுக்கு ஏற்ற மாதிரி தேங்காய்ப் பாலில் மசித்த சேப்பங்கிழங்கு. சுன்ஹேய்க்கு அவன் தினமும் குடிக்கிற டீயும் காபியும் கலந்த பூரணம். அது மட்டும் நீர்த்துப் போகிறது, பக்கத்து இதழில் கசிகிறது என்று மூன்று தடவை கொட்டிவிட்டு மறுபடி கிளறினாள். தனக்கென்று உப்புப் பிளம்மும் பம்பளிமாசும் சேர்த்துப் புளிப்பாக ஒன்று. அந்த நாட்களில் அவளுக்குப் புளிப்பைத் தவிர எதுவும் இறங்கவில்லை. ஆறாவது இதழுக்குப் பால் கஸ்டர்ட். அதை மஸ்லின் துணியில் வடிகட்டும்போது ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பிள்ளையோடுதான் பேசினாள் போலிருக்கிறது. நான் கண்டுகொள்ளாத மாதிரி பாதாம் பொறுக்கினேன்.

பண்டிகையன்று சாயங்காலம் ஹோய்லாம் அடுக்களையில் கோழியை வெட்டித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசல் மணி அடித்தது. சுன்ஹேய் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். வயிறு நன்றாகத் தெரிந்தது, ஐந்து மாசத்துக்குக் குறையாது. பூய்கிங் எழுந்து போய் அவள் கையைப் பிடித்து, "பார்த்து வாம்மா, பார்த்து, படி இருக்கு" என்று கூட்டி வந்து, ஹோய்லாமின் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"அண்ணி, இது யான்தங். சுன்ஹேய் ஆபீஸ்தான்" என்று என்னிடம் சொன்னாள்.

தம்பியைப் பார்த்தேன். அவன் மேஜைத் துணியில் இல்லாத கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆக அவனுக்கும் தெரியும். எனக்கும் அடுக்களையில் இருப்பவளுக்கும் மட்டும்தான் தெரியாது.

எழுந்து உள்ளே ஓடியிருக்கலாம். நான் எழுவதற்குள் ஹோய்லாம் கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வெள்ளை வெளேரென்று பெரிய பூ, ஒவ்வொரு இதழின் நுனியிலும் உள்ளே இருக்கிற பூரணத்தின் நிறம் லேசாகத் தெரிந்தது. தன் நாற்காலியில் இன்னொருத்தி இருப்பதைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தாள். தட்டை மேஜையில் வைத்தாள்.

யான்தங் குதித்து எழுந்தாள். "நீங்கதான் ஹோய்லாம் அக்காவா? ரொம்ப தேங்க்ஸ் அக்கா. எல்லாம் பேசி முடிச்சாச்சு, நீங்களே எனக்காக கேக் பண்றேன்னு சொன்னீங்கன்னு சுன்ஹேய் சொன்னார். எனக்குத்தான் உங்க முகத்தைப் பார்க்க ஒரு மாதிரி இருந்துது. இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும்!"

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அவளிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள். ஹோய்லாம் சுன்ஹேயைப் பார்த்தாள். அவன் சாப்ஸ்டிக்கை நேராக அடுக்கினான், மறுபடி அடுக்கினான்.

"நின்னுக்கிட்டே இருக்கியே, வெட்டு" என்றாள் பூய்கிங். "ஆறு துண்டு. நாங்க நாலு பேர், யான்தங், அவ வயித்துல இருக்கற பிள்ளை. கணக்கு சரியா இருக்கா?"

கீழே தெருவில் பிள்ளைகள் விளக்கைத் தூக்கிக்கொண்டு கத்தியது கேட்டது.

"டைவர்ஸ் விவகாரத்தை வக்கீல் பார்த்துக்குவாரு. உனக்கு ஒண்ணும் குறை வைக்க மாட்டோம்" என்று பூய்கிங் கோழித் துண்டு ஒன்றை எடுத்து யான்தங்கின் கிண்ணத்தில் போட்டாள். "பேக்கரிக்கு எப்பவும் போல வந்துட்டுப் போ. உன் கைப்பக்குவம் இங்க யாருக்கும் வராது. நல்லதை நல்லதுன்னு சொல்லணுமில்ல?"

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா கேக் இவ்வளவு நல்லா வந்திருக்குமா?"

அடிப்பாவி! அதைச் சொல்லும்போது அவளுக்குக் கண்கூட இமைக்கவில்லை.

ஹோய்லாம் கத்தியை எடுத்தாள். ஒரு நிமிஷம் எனக்குப் பயமாகவே இருந்தது. வெட்டினாள், கோடு தவறாமல், ஆறு துண்டு. முதலில் தம்பிக்கு. அடுத்தது பூய்கிங்குக்கு. புளிப்புத் துண்டை எடுத்து யான்தங்கின் தட்டில் வைத்தாள். அந்தப் பெண் ஒரு வாய் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஐயோ, புளிப்பு! எனக்கு இப்போ புளிப்புதான் வேணும்னு உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"தெரியும்" என்றாள் ஹோய்லாம்.

பால் கஸ்டர்ட் துண்டையும் அவள் தட்டிலேயே வைத்தாள். அதை வைக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. பிறகு சுன்ஹேய்க்கு வைத்தாள். வைத்துவிட்டு அவன் பக்கத்திலேயே நின்றாள்.

"நீ சொல்லு சுன்ஹேய். எண்ணிக்கை சரியா இருக்கா?"

அவன் தலையைத் தூக்கவில்லை. எல்லாரும் பார்க்கிறார்கள், ஏதாவது செய்தாக வேண்டும் என்று ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டான். மென்றான். விழுங்கினான்.

"நல்லா இருக்கு" என்றான்.

ஒன்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அவன் கொடுத்த பதில் அது. அவனை நான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன் என்று சொல்லிக்கொள்ளவே அன்று கூசியது.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. ஒரே ஒரு வார்த்தை போதும். இவள் வயிற்றிலும் இருக்கிறது, நெஞ்சுத் துடிப்பு கேட்டாகிவிட்டது என்று சொன்னால் போதும். பூய்கிங் அந்த நொடியே எழுந்து இன்னொரு நாற்காலி போடுவாள். எண்ணிக்கையை மாற்றுவாள். வாயெல்லாம் பல்லாக இருப்பாள்.

"பூய்கிங், இங்க பாரு, ஹோய்லாமுக்கும்..."

என் வாயில் ஒரு துண்டு கேக் வந்து விழுந்தது. ஹோய்லாம்தான் சேப்பங்கிழங்குத் துண்டிலிருந்து பிட்டுத் தன் கையாலேயே ஊட்டிவிட்டாள். விரலால் என் உதட்டை மூடினாள்.

"சாப்பிடுங்க அத்தை. உங்களுக்குன்னு பல்லுல படாம மெத்துனு பண்ணேன். பேசாம சாப்பிடுங்க."

அவள் கண்ணைப் பார்த்தேன். பேசாமல் சாப்பிட்டேன்.

"என்ன அண்ணி, ஹோய்லாமுக்கும் என்ன?" என்று கேட்டாள் பூய்கிங்.

ஹோய்லாமே பதில் சொன்னாள். "எனக்கும் ஒரு துண்டு வேணும்னு சொல்ல வந்தாங்க. வேண்டாம்மா. கூடினா குடும்பத்துக்கு ஆகாது." ஏப்ரனைக் கழற்றி மடித்து அடுக்களைக் கதவில் மாட்டினாள். யான்தங்கிடம், "அந்தப் பால் கேக்கை ஃபிரிட்ஜுல வெச்சு நாளைக்குச் சாப்பிடாதே. இப்பவே சாப்பிட்டுடு" என்றாள். படியிறங்கிப் போனாள்.

ஊதுபத்தி வாங்கப் போகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நானும் இறங்கினேன். லைட் ரயில் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு பைகூட இல்லை.

"ஏண்டி என் வாயை அடைச்சே? சொல்லியிருந்தா உன்னைத் தலையில தூக்கி வெச்சிருப்பாளே!"

"ஆமா அத்தை, வெச்சிருப்பாங்க. பிள்ளை நிக்கலைன்னா தூக்கிக் கீழ போடுவாங்க. பெத்துட்டேன்னா அதை மட்டும் எண்ணிக்கிட்டு என்னை மறுபடி மாவு பிசைய அனுப்புவாங்க." அவளுக்கு இப்போதுதான் குரல் உடைந்தது. "அம்மா அம்மான்னு கூப்பிட்டேனே அத்தை. நாய்கூடத் திரும்பிப் பார்க்கும்."

நான் அவள் தலையைத் தடவினேன். வேறென்ன செய்ய? எனக்கென்று ஒரு வீடு இருந்தால் கூட்டிப் போயிருப்பேன்.

வண்டி வந்தது. ஏறுவதற்கு முன் என் கையைப் பிடித்தாள்.

"அவங்களுக்குத் தெரியவே கூடாது. பிறந்தாலும் சரி, வளர்ந்தாலும் சரி. சொன்னீங்கன்னா உங்க முகத்துல முழிக்க மாட்டேன்."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

சொல்லவில்லை. வக்கீல் காகிதம் அனுப்பினார், அவள் தோழி வீட்டு விலாசத்திலிருந்து கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். பேக்கரிக்குத் திரும்பி வரவே இல்லை. பூய்கிங் தானே பால் கஸ்டர்ட் கிளறிப் பார்த்தாள். திரிந்து போனது. மறு வருஷம் வாசலில் வரிசை இல்லை. அந்த இதழ் கேக்கை இப்போது ஊர் ஜனம் தின்சுய்வாயில் ஒரு சின்னக் கடையில் ஆர்டர் கொடுத்து வாங்குகிறார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு, ஆளுக்கொரு பூரணம் வைத்துத் தருகிறார்களாம். யார் கடை என்று பூய்கிங்குக்குத் தெரியும். பல்லைக் கடிப்பாள். அந்தக் கடையின் பின்கட்டில் மாவோடு விளையாடுகிற பையனைப் பற்றித்தான் தெரியாது. அவனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. காது அப்படியே என் தம்பியின் காது.

யான்தங்குக்குப் பெண் பிறந்தது. நல்ல பெண்தான் அவள், எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். மாமியாரின் குணம் ஆறு மாசத்தில் புரிந்துவிட்டது. புருஷனையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு மான்செஸ்டருக்குப் போய்விட்டாள். முதல் வருஷம் வாரம் ஒரு தடவை ஃபோன் வந்தது. இப்போது பண்டிகைக்கு வருகிறது.

இந்தப் பண்டிகைக்கும் பூய்கிங் கேக் வெட்டினாள், கடையில் வாங்கிய பழைய மாதிரிக் கேக். ஊரில் இல்லாதவர்களுக்கும் துண்டு போட்டாள். தம்பி தன் துண்டைத் தின்றுவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தான். மான்செஸ்டரில் இருக்கிற மூன்று பேரின் துண்டும் தட்டிலேயே காய்ந்துகொண்டிருந்தன. பூய்கிங் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வயசாகிவிட்டது. கன்னம் தொங்கிவிட்டது, பல்வரிசை மட்டும் அப்படியே இருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எங்க அண்ணி போறே, காலையிலயே கிளம்பி?" என்று கேட்டாள்.

"கோயிலுக்கு."

"எனக்காகவும் கொஞ்சம் வேண்டிக்கோயேன்." கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த முதல் தடவை. "பக்கத்துல, தொட்டுத் தூக்கற தூரத்துல, ஒரு பேரப்பிள்ளை இருந்தா போதும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

நான் என் துண்டைக் கடித்து நிதானமாக மென்றேன். லைட் ரயிலில் ஏறினால் தின்சுய்வாய்க்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.

"வேண்டிக்கிறேன்" என்றேன்.